நியூசிலாந்து சோவின்யோன் பிளாங் வெறும் இயந்திர ஒயின்தானா?

"நியூசிலாந்தின் சோவின்யோன் பிளாங் ஏன் இவ்வளவு பிரபலம்? இயந்திரம் பறித்து ஆலையில் செய்வதுதானே, பிரெஞ்சு ஒயினுக்கு ஈடாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சோவின்யோன் பிளாங் என்பது ஒரு வெள்ளைத் திராட்சை ரகம், அதில் செய்யும் ஒயினுக்கும் அதே பெயர்தான். யாரோ பரிசளித்த பாட்டில் ஒன்று உங்கள் அலமாரியில் இருக்கும். திருகு மூடியைப் பார்த்ததும் மலிவுச் சரக்கு என்று முடிவுகட்டியிருப்பீர்கள்.

அந்த "இயந்திரம்" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. நான் ஒயின் நிபுணன் அல்ல. படிப்பு முடிந்து வேலை கிடைக்காத காலத்தில், நியூசிலாந்தின் திராட்சைப் பகுதியான மார்ல்பரோவின் வைராவ் பள்ளத்தாக்கில் இரண்டு குளிர்காலம் இந்தக் கொடிக்குக் கவாத்து வெட்டியவன்.

அறுவடை இயந்திரத்தில்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் நள்ளிரவிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாகக் கொடியை உலுக்கிக்கொண்டு போகும். ஆனால் அங்கே குளிர்காலமான ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அதே வரிசையில் மனிதர்கள் நிற்கிறார்கள். முந்தைய ஆண்டின் பற்றுக்கம்பிகள் காய்ந்து மரமாகி, இரும்புக் கம்பியை இறுகப் பிடித்திருக்கும். வெட்டிய கிளையைப் பிடித்து இழுத்தால் சட்டென்று விடுபட்டு முகத்தில் சாட்டைபோல் அடிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் வரிசைக்குள் போகக் கூடாது. காலையில் கொடியெல்லாம் உறைபனி. கையுறை பத்தே நிமிடத்தில் நனைந்துவிடும்.

வனுவாட்டு என்ற பசிபிக் தீவு நாட்டிலிருந்து பருவ வேலைக்கு வந்திருந்த ஒரு பெரியவர்தான் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். நாற்பது, ஐம்பது கிளைகளில் நான்கை மட்டும் விட வேண்டும். பென்சில் பருமன், வெயில் பட்ட பழுப்பு நிறம், அடிமரத்துக்கு அருகில் பிறந்தது, இவைதான் கணக்கு. அந்த நான்கையும் பக்கத்துக்கு இரண்டாக வளைத்துக் கம்பியில் சுற்றிக் கட்ட வேண்டும். தவறான கிளையை விட்டால் அடுத்த ஆண்டு இலை மண்டும், பழம் நிழலில் கிடக்கும், ஒயினில் பச்சை வாடை தூக்கலாகும். இதை எந்த இயந்திரம் தேர்ந்து கொடுக்கிறது?

இன்னொன்று. உலுக்கிப் பறித்த பழத்தில்தான் பேஷன் ஃப்ரூட் மணம் தரும் தயோல்கள் என்ற கந்தகச் சேர்மங்கள் கூடுதலாக உருவாகின்றன என்று நியூசிலாந்திலேயே ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். அதாவது, நீங்கள் குறையாகச் சொல்லும் இயந்திரத்துக்கும் அந்த மணத்தில் பங்கு இருக்கிறது. பச்சைக் குடைமிளகாய் வாடைக்குக் காரணம் வேறு, மெத்தாக்ஸிபைரசின் என்ற வேதிப்பொருள். நல்ல வெயிலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து இரண்டையும் ஒரே பழத்தில் நிறுத்துகின்றன. புளிப்பும் குறைவதில்லை. பிரபலத்துக்குக் காரணம் கேட்டீர்களே, என் பதில் இதுதான்.

பிரான்ஸைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கொடியின் தாய்வீடு அதுதான். அங்கே லுவார் பள்ளத்தாக்கில் இதே ரகத்தில் செய்யும் சான்சேர் ஒயினை நானும் மதிக்கிறேன். ஆனால் 1973-இல்தான் மார்ல்பரோவின் ஆட்டு மேய்ச்சல் நிலங்களில் பெரிய அளவில் திராட்சை நட்டார்கள். இந்த ரகம் வந்தது 1975-இல். இன்று அந்த நாட்டின் ஒயின் ஏற்றுமதியில் எண்பது சதவீதத்துக்கும் மேல் இது ஒன்றுதான். ஒரு தலைமுறைக்குள் இதைச் சாதித்தவர்களை "ஆலைச் சரக்கு" என்று தள்ளுவது நியாயமில்லை. குடியை ஆதரிக்கிறாயா என்று கேட்பவர்களுக்கு: நான் விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கூலி கொடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. அப்படிக் கொடுத்தாலும், மணிக்கணக்கில் பார்த்தால் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். எங்கள் ஒப்பந்தக்காரர் முதல் மூன்று வாரம் "பழகுகிற காலம்" என்று அந்த வித்தியாசத்தைத் தரவே இல்லை. போதாக்குறைக்கு வேன் கட்டணம் என்று வாராவாரம் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரியவர் தன் கூலிச் சீட்டையும் என் சீட்டையும் அருகருகே வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்கே புரிந்தது. கேட்டேன், வரவில்லை. இன்றும் ஆறவில்லை.

திருகு மூடிக்கு வருகிறேன். கெட்ட கார்க் ஒயினைப் பாழாக்குகிறது என்பதால் 2001-இல் அங்குள்ள ஒயின் ஆலைகள் ஒன்றுகூடி எடுத்த முடிவு அது. காசு மிச்சம் பிடிக்க அல்ல. உங்கள் பாட்டிலில் என்ன ஆண்டு போட்டிருக்கிறது என்று பாருங்கள். மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் குளிர வைத்து இந்த வாரமே திறந்துவிடுங்கள். பெரும்பாலும் இது சேமித்து முதிர வைக்கும் ரகம் அல்ல.