சிடி19 இன்னும் இருக்கிறதா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "தம்பிக்கு 22 வயது. பி-செல் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் திரும்பி வந்ததும் பிளினாட்டுமோமாப் மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தான், மறுபடியும் வந்துவிட்டது. இப்போது கார்-டி சிகிச்சை என்கிறார்கள். அதற்கு முன் எலும்பு மஜ்ஜையை இன்னொரு தடவை எடுக்க வேண்டுமாம். பழைய ரிப்போர்ட்டிலேயே சிடி19 பாசிட்டிவ் என்று இருக்கிறதே? இடுப்பெலும்பில் ஊசி இறங்கும்போது அவன் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை."

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும்.

சிடி19 புற்றுநோய்க்கே உரிய அடையாளம் இல்லை. பி-செல் என்ற ரத்த வெள்ளை அணுவின் மேற்பரப்பில் இருக்கும் புரதம் அது. நல்ல பி-செல்லிலும் இருக்கும், கெட்டுப்போனதிலும் இருக்கும். கார்-டியில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான தம்பியின் டி-செல்களையே பிரித்தெடுத்து, சிடி19ஐப் பிடிக்கும் கொக்கி ஒன்று அவற்றின் மேல் முளைக்கும்படி மரபணுவைச் சேர்த்து, திரும்ப ஏற்றுவார்கள். கொக்கியில் சிக்கும் எல்லாமே சாகும், நல்ல பி-செல்களும் சேர்த்துத்தான். அவை இல்லாமல் சமாளிக்கலாம். அதனால் கிருமிகளை எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலின் குறைந்தால் வெளியிலிருந்து ஏற்றலாம்.

எல்லாப் புரதத்திலும் இந்தச் சலுகை கிடைக்காது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், பெருங்குடல் புற்று பரவிய ஒருவருக்கு ஹெர்2 புரதத்தைக் குறிவைத்த சுமார் 1000 கோடி டி-செல்களை ஏற்றினார்கள். 15 நிமிடத்தில் மூச்சுத் திணறியது. 5 நாளில் இறந்துபோனார். நுரையீரல் செல்களில் கொஞ்சமே கொஞ்சம் இருந்த ஹெர்2வை அவை பிடித்துக்கொண்டதுதான் காரணமாக இருக்கும் என்று 2010இல் மருத்துவர்கள் எழுதினார்கள். கட்டிப் புற்றுகளில் கார்-டி இன்னும் தடுமாற இதுவும் ஒரு காரணம்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். பிளினாட்டுமோமாப்பும் சிடி19ஐத்தான் பிடிக்கிறது. அதைச் சுமந்த செல்கள் செத்துப்போக, அதைத் தொலைத்துவிட்ட செல்கள் தப்பிப் பெருகியிருக்கலாம். உங்கள் கையில் இருப்பது மருந்துக்கு முந்தைய ரிப்போர்ட். ஆகவே இப்போதைய மாதிரியில் எத்தனை சதவீதம் செல்களில் சிடி19 இருக்கிறது, பளிச்சென்று தெரிகிறதா, மங்கலாகவா என்று கேளுங்கள். முக்கியமாக, பிளினாட்டுமோமாப் கொடுத்த விவரம் லேபுக்குப் போகும் படிவத்தில் இருக்கட்டும். செல்களை அவற்றின் புரதங்களை வைத்து அடையாளம் காணும் ஃப்ளோ பரிசோதனையில் பி-செல்லைத் தேடவே பெரும்பாலும் சிடி19ஐத்தான் பயன்படுத்துவார்கள். அது தொலைந்த செல்கள் அந்தத் தேடலில் கண்ணில் படாமலே போகலாம். விவரம் தெரிந்தால் சிடி22 போன்ற வேறு புரதங்களை வைத்துத் தேடுவார்கள்.

சிடி19 இருக்கிறது என்றால், இந்தியாவிலேயே ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை உண்டு. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. இல்லையென்றால் அதற்குப் பல லட்சம் செலவழித்துப் பயனில்லை. சிடி22ஐப் பிடிக்கும் இனோட்டுசுமாப் மருந்து பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

செல்களை ஏற்றிய பிறகு காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். அதைத் தணிக்கும் டோசிலிசுமாப் மருந்தைக் கைவசம் வைத்திருப்பார்கள். அப்புறம், தினமும் ஒரு வரி எழுதச் சொல்வார்கள், மூளை பாதிக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்காக. நேற்று நேராக எழுதியவன் இன்று எழுத்தை விட்டுவிட்டு எழுதினாலோ, வரி கோணிக்கொண்டு போனாலோ, டாக்டர் ரவுண்டு வரும்வரை காத்திருக்காமல் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.