பூனைக்கு வழி, நாய்க்குத் தடை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று வயது லாப்ரடாரும் ஒரு பெண் பூனையும் இருக்கின்றன. பூனை லிட்டர் பெட்டியை (மலம் கழிக்க மண் போன்ற ‘லிட்டர்’ பரப்பிய பெட்டி) விட்டு இறங்குவதற்குள் நாய் போய்த் தலையை விட்டு மலத்தைத் தின்றுவிடுகிறது. வயிறு நிறையச் சாப்பாடு போட்டும், அதட்டியும், அடித்தும் பார்த்துவிட்டோம். பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் அடிப்பதை நிறுத்துங்கள். ‘இதைத் தின்னக் கூடாது’ என்று நாய் கற்றுக்கொள்வதில்லை. ‘இவர்கள் இருக்கும்போது தின்னக் கூடாது’ என்றுதான் கற்றுக்கொள்கிறது. பிடுங்கிவிடுவார்களோ என்ற அவசரத்தில் மெல்லாமல் விழுங்கும். அப்போது லிட்டரும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும்.

இது பசியால் வருவதில்லை. பூனை முழுக்க முழுக்க இறைச்சி உண்ணி. அதன் உணவில் புரதமும் கொழுப்பும் நாய் உணவைவிடக் கூடுதல். அந்த வாசனையின் மிச்சம் மலத்திலும் இருக்கிறது. நமக்கு அருவருப்பு, நாய்க்கு அது கிடைத்தற்கரிய தின்பண்டம். பெட்டியில் தலையை விடும் ஒவ்வொரு முறையும் கைமேல் பலன் கிடைக்கிறபோது, உங்கள் அதட்டல் எடுபடாது. எனவே பயிற்சி இரண்டாம் பட்சம், வழியை அடைப்பதுதான் முதல் வேலை.

உங்களுடையது பெரிய நாய் என்பதால் வேலை எளிது. பெட்டியைக் கதவுள்ள ஓர் அறையில் வைத்து, கதவைப் பூனை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து நிறுத்துங்கள். பருமனில்லாத வளர்ந்த பூனை 10 முதல் 12 செ.மீ. இடைவெளியில் தாராளமாகப் போய்வரும். நாயின் தலையை அதன் அகலமான இடத்தில், இரு காதுகளுக்கும் இடையே, அளந்துகொள்ளுங்கள். இடைவெளி அதைவிட 2 – 3 செ.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். தலை நுழைந்துவிட்டால் உடம்பைத் தள்ளிக்கொண்டு வர லாப்ரடாருக்கு அதிக நேரம் பிடிக்காது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். கயிறு கட்டினால் கதவு அதற்கு மேல் திறக்காது, சரி. ஆனால் காற்றில் சாத்திக்கொள்ளுமே? பூனை உள்ளே மாட்டும், அல்லது வெளியே நின்று தவித்துவிட்டுக் கடைசியில் உங்கள் மெத்தைக்குப் போகும். இரண்டு பக்கமும் அசையாதபடி பிடிக்கும் கொக்கிக் கம்பியே நல்லது. கயிறுதான் என்றால், கதவுக்கும் நிலைக்கும் இடையில் ரப்பர் ஆப்பு ஒன்றும் வையுங்கள். கொக்கியை நாயின் வாய் எட்டாத உயரத்தில், நிலைச்சட்டத்தில் திருகாணி போட்டு முடுக்குங்கள். ஒட்டும் கொக்கி 30 கிலோ நாய் ஒரு முறை சாய்ந்தால் கையோடு வந்துவிடும்.

கதவில்லாத இடமானால், குழந்தைகளுக்காக வாசலில் பொருத்தும் தடுப்புக் கேட்டை வாங்கி, தரையிலிருந்து 12 செ.மீ. தூக்கிப் பொருத்துங்கள். பூனை அடியில் குனிந்து போகும். தாண்டிக் குதிக்கும் நாயென்றால் கேட்டின் உயரத்தையும் கவனியுங்கள்.

வழியை அடைத்த பிறகு பயிற்சிக்கு வாருங்கள். உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டை மூடி வைத்து நீட்டுங்கள். நாய் முகரும், நக்கும், காலால் பிறாண்டும், எதுவும் பேசாதீர்கள். சலித்துப்போய் மூக்கை எடுக்கும் அந்த நொடியில் மற்றக் கையிலிருந்து வேறொரு நல்ல துண்டு கொடுங்கள். மூடிய கையில் இருந்ததை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். நான்கைந்து நாளில் கையைக் கண்டதுமே விலகத் தொடங்கும்போது ‘விடு’ என்ற சொல்லைச் சேருங்கள். பிறகு பிஸ்கட்டைத் தரையில், அடுத்துக் கழுத்துக் கயிற்றோடு லிட்டர் அறை வாசலில் என்று மெல்ல மெல்லக் கடினமாக்குங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும்.

இன்னொன்று: இத்தனை நாள் இல்லாத பழக்கம் வளர்ந்த நாய்க்குத் திடீரென்று வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கணையக் கோளாறு, சர்க்கரை நோய், குடற்புழு, ஸ்டீராய்டு மாத்திரை என எல்லாமே கண்டதையும் தின்னும் பசியைக் கிளப்பும்.

கேள்வி: எங்கள் நாய் பொமரேனியன். பூனையும் அதுவும் ஒரே பருமன். பூனை நுழையும் இடத்தில் எல்லாம் அதுவும் நுழைகிறது!

அப்படியானால் அகலத்தை நம்பாதீர்கள், உயரத்தை நம்புங்கள். 80 செ.மீ. உயர மேசை பூனைக்கு ஒரு தாவல், பொமரேனியனுக்கு மலை. மேசை ஆடக் கூடாது. பெட்டிக்கு முன்னால் பூனை வந்து இறங்க 30 செ.மீ. இடம் விட்டு, வழுக்காத விரிப்பு போடுங்கள். அருகில் நாற்காலி, ஸ்டூல் எதுவும் இருக்கக் கூடாது. பொமரேனியன் அதைப் படிக்கட்டாக்கிக்கொள்ளும்.

ஆனால் உங்கள் பூனைக்கு என்ன வயது என்று எழுதவில்லை. பத்து வயதைத் தாண்டிய பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் சகஜம். நொண்டாது, அதனால் வெளியே தெரியாது. குதிப்பதைத் தள்ளிப்போடும், கடைசியில் மேசைக் காலடியிலேயே போய்விடும். அது அடம் அல்ல, வலி. வயதான பூனைக்கும் குட்டிக்கும் பருமனான பூனைக்கும் மைக்ரோசிப் பூனைக் கதவே சரி. பூனையின் தோலுக்கடியில் உள்ள சிப்பைப் படித்து அதற்கு மட்டும் திறக்கும். விலை கூடுதல்தான். முதல் ஒரு வாரம் கதவில் தொங்கும் மடலைத் திறந்தபடி டேப் போட்டு ஒட்டிவிட்டு, பிறகு பாதி, அதன்பின் முழுதாக இறக்குங்கள். முதல் நாளே மடல் முகத்தில் இடித்தால், அதற்குப் பிறகு எத்தனை கெஞ்சினாலும் பூனை அந்தப் பக்கம் போகாது.

மேல்மூடியில் ஓட்டை உள்ள பெட்டியும் குட்டைக் கால் நாய்களைத் தடுக்கும். நீண்ட மூஞ்சி உள்ள பெரிய நாயிடம் அது பலிக்காது. கழுத்தை நீட்டி எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் பெட்டியையே கவிழ்க்கும்.

கேள்வி: மூடிய பெட்டி வாங்கி, வாய்ப்பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். நாய் வருவதில்லை. ஆனால் பூனை சோபாவில் சிறுநீர் கழிக்கிறது. கோபமா?

கோபமில்லை, பயம். பூனையின் கண்ணோட்டத்தில் யோசித்துப் பாருங்கள்: ஒரே வாசல், வெளியே நாய் காத்திருக்கிறதா என்று பார்க்க முடியாத குகை. போதாக்குறைக்கு, மூடிக்குள் அம்மோனியா நெடி வேறு தேங்குகிறது. விளிம்பில் கால் வைத்துக்கொண்டு போவது, மண்ணைத் தோண்டாமல், மூடாமல் பாய்ந்து ஓடுவது, வாசலில் நின்று வெகுநேரம் எட்டிப் பார்ப்பது – இவை சோபாவுக்கு முந்தைய எச்சரிக்கைகள்.

மூடியைக் கழற்றிவிடுங்கள். நாய் வர முடியாத அறையில் திறந்த பெட்டியாக, சுற்றிலும் பார்க்க முடிகிற இடத்தில் வையுங்கள். பூனையின் மூக்கிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு பெட்டி நீளம் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான பெட்டிகள் இதைவிடச் சிறியவை. துணி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துக்கொண்டால் போதும். லிட்டர் 5 – 7 செ.மீ. ஆழம். பெட்டிகளின் எண்ணிக்கை, பூனைகளைவிட ஒன்று கூடுதல். சோபாவை என்சைம் கலந்த துப்புரவுத் திரவத்தால் கழுவுங்கள். அம்மோனியா கலந்ததைத் தொடாதீர்கள், அது சிறுநீர் வாடையையே நினைவூட்டும்.

கேள்வி: மலத்தின் மேல் மிளகாய்த்தூள் தூவினால் நாய் விட்டுவிடும் என்கிறார்களே?

நாய் விடுகிறதோ இல்லையோ, பூனை பெட்டியை விட்டுவிடும். தூள் அதன் பாதத்தில் ஒட்டும், நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். வேண்டவே வேண்டாம். நாய்க்கு வாய்மூடி மாட்டுவதும் தீர்வாகாது. கூண்டு வாய்மூடியோடு மலத்தில் முகத்தை அழுத்திவிட்டு வந்து உங்கள் மடியில் துடைக்கும்.

கேள்வி: கட்டியாகும் லிட்டரை நாய் தின்றுவிட்டது. ஆபத்தா? புழு தொற்றுமா?

அந்த லிட்டர் பெரும்பாலும் பென்டோனைட் களிமண். ஈரம் பட்டால் உப்பி இறுகுவதுதான் அதன் குணம், குடலுக்குள்ளும் அதையேதான் செய்யும். மலத்தோடு ஒட்டிய கொஞ்சம் லிட்டர் பொதுவாகத் தானே வெளியேறிவிடும். குடிக்கத் தண்ணீர் வைத்துக் கவனித்தால் போதும். கைப்பிடியளவு தின்றிருந்தால், அல்லது நாய் மிகச் சிறியதென்றால், அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, முக்கியும் வராத மலம், வயிற்றைத் தொட்டால் வலி – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே போக வேண்டும். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். வழியை அடைத்து முடிக்கும்வரை காகிதக் குருணைக்கோ மரத்தூள் குருணைக்கோ மாறிக்கொள்ளலாம். பழைய லிட்டரோடு கலந்து, ஒரு வாரத்தில்.

உருண்டைப்புழு, ஜியார்டியா, சால்மொனெல்லா போன்ற குடல் கிருமிகள் எல்லாம் இந்த வழியில் பூனையிலிருந்து நாய்க்குப் போகலாம். இரண்டின் மலத்தையும் பரிசோதிக்கக் கொடுத்து, புழு மருந்து அட்டவணையை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மனிதருக்கும் தொற்றக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமி, பூனை மலத்தில் வெளியேறி ஒன்று முதல் ஐந்து நாள்களுக்குப் பின்பே தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே தினமும் அள்ளிவிடுவது வீட்டிலுள்ள எல்லோருக்கும் பாதுகாப்பு. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை முறை அள்ள வேண்டும்? எதைக் கொண்டு கழுவுவது?

குறைந்தது காலை, இரவு இருமுறை. பூனைக்கு நேரம் வைத்துச் சாப்பாடு போட்டால் பெட்டிக்குப் போகும் நேரமும் ஏறக்குறைய ஒழுங்குக்கு வரும். அதைக் கவனித்து உடனே அள்ளினால் நாய்க்கு எதுவும் மிஞ்சாது. வாசனையற்ற சோப்பும் வெந்நீரும் போதும். ஃபீனைல் வகைத் திரவங்களைப் பெட்டிக்கும் அதைச் சுற்றிய தரைக்கும் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய ஃபீனால் என்ற வேதிப்பொருளை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

கேள்வி: பெட்டியை வேறு அறைக்கு மாற்றியதிலிருந்து எங்கள் ஆண் பூனை பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்து முக்குகிறது.

இடமாற்றத்தை ஒரே நாளில் செய்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. பழைய இடத்தில் ஒரு பெட்டியைத் திரும்ப வைத்து, புது அறையில் இன்னொன்றை வையுங்கள். புதியதைத் தானாகப் பயன்படுத்தத் தொடங்கி இரண்டு வாரம் ஆனபின் பழையதை எடுங்கள்.

ஆனால் அதற்கு முன், முக்கும்போது சிறுநீர் வருகிறதா என்று பாருங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. சொட்டுக்கூட வரவில்லையென்றால் பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பூனையைத் தூக்கிக்கொண்டு இப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.