ஒன்பதாம் நாளும் காய்ச்சல்: டெங்குவுக்கு ஸ்டீராய்டு போடலாமா?

தேனியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: 'என் 13 வயது மகளுக்கு டெங்கு. ஒன்பது நாளாகியும் 102 டிகிரி காய்ச்சல் விடவில்லை. பிளேட்லெட் 31,000. ஃபெரிட்டின் 14,000 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எச்.எல்.எச். என்ற நோய் என்று சொல்லி டாக்டர் ஸ்டீராய்டு போட வேண்டும் என்கிறார். டெங்குவுக்கு ஸ்டீராய்டே கூடாது என்கிறார் என் அண்ணன். பிளேட்லெட் பை ஏற்பாடு செய்து தருவதாக ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் வேறு நிற்கிறார். என்ன செய்வது?'

அம்மா, முதலில் அந்த வாசல் ஆளை அனுப்பிவிடுங்கள். நம் நாட்டில் ரத்தத்தைக் காசுக்கு விற்பது 1998 முதல் தடை. ஆனாலும் மழைக்காலம் வந்தால் இவர்களுக்குத் தீபாவளிதான். ரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணிக்கையை மட்டும் பார்த்து பிளேட்லெட் ஏற்றுவதால் பயன் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-மும் அதற்குக் கீழும் இருந்த பெரியவர்களிடமே சோதித்துப் பார்த்தார்கள், 2017-இல் முடிவு வந்தது: ரத்தக் கசிவு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின. லேப்காரர் சிவப்பு எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

சரி, உங்கள் மகளுக்கு வருவோம். டெங்கு காய்ச்சல் பெரும்பாலும் ஏழு நாளுக்குள் இறங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்து, மண்ணீரலும் வீங்கி, ரத்த அணுக்கள் ஒவ்வொரு வகையாகக் குறைந்தால் எச்.எல்.எச்.-ஐச் சந்தேகிக்க வேண்டும். நம் உடம்பில் குப்பை பொறுக்கும் வேலை செய்யும் வெள்ளை அணுக்கள் உண்டு. கிருமி அடங்கிய பிறகும் இவை அடங்காமல் நம் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்குவதுதான் இந்த நோய். அபூர்வம், ஆனால் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். சாதாரண டெங்குவிலும் அது ஏறும். குழந்தைகளிடம் 10,000-ஐத் தாண்டினால் அதை லேசாக விட முடியாது.

உங்கள் அண்ணன் சொல்வது தப்பில்லை. சாதாரண டெங்குவுக்கு ஸ்டீராய்டு வேண்டாம், உதவாது. நான் திட்டுவது இரண்டாம் நாளே காய்ச்சலை இறக்க கிளினிக்கில் போடும் 'டெக்ஸா' என்ற ஸ்டீராய்டு ஊசியைத்தான். அது காய்ச்சலை மறைக்கும், சர்க்கரையை ஏற்றும், வயிற்றில் புண்ணைக் கிளறும். அப்படி ஏதாவது ஊசி போட்டிருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். ஆனால் இப்போது உங்கள் மகளுக்குத் தருவது காய்ச்சலை இறக்க அல்ல. அடங்க மறுக்கும் அந்த அணுக்களை அடக்க. மருந்து அதே மருந்துதான். அன்று தவறு, இன்று சிகிச்சை. நாலு நாளில் பிள்ளை எழுந்து இட்லி கேட்டதும் நீங்களாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒரு கேள்வியை மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்: 'ஸ்க்ரப் டைபஸ் பார்த்தாச்சா?' புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சல் அது, தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறது. டெங்கு மாதிரியே வரும், எச்.எல்.எச்.-ஐயும் கிளப்பிவிடும். அக்குள், இடுப்பு மடிப்பு, காதின் பின்புறம் என்று எல்லா இடமும் பாருங்கள். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருகிய சிறு பொருக்கு இருக்கலாம். வலிக்காது என்பதால் பிள்ளை சொல்லியிருக்க மாட்டாள். அதற்கு மலிவான மருந்து இருக்கிறது.

எலும்பு மஜ்ஜைச் சோதனை ரிப்போர்ட் வந்தால்தான் இந்த நோய்க்குத் தரும் எதிர்ப்புப் புரத மருந்தான இம்யூனோகுளோபுலினுக்குப் பணம் தருவோம் என்று காப்பீட்டுக்காரர்கள் இழுத்தடிக்கலாம். அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மகளைப் பார்த்ததில்லை. மற்ற அறிகுறிகள் பொருந்தினால் மஜ்ஜைச் சோதனைக்குக் காத்திராமலே சிகிச்சை தொடங்கலாம் என்று டாக்டரைக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் ஃபைலைப் புரட்டிக்கொண்டு இருக்கட்டும். அதுவரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போட வேண்டாம், அதன் விலை டீயும் வடையும் சாப்பிடும் காசுதான்.