தில்லி – சான் பிரான்சிஸ்கோ: கணக்கு எங்கே உதைக்கிறது?

வாசகி ஒருவரின் கேள்வி: "மகளின் பிரசவத்துக்காக ஜனவரியில் தில்லியிலிருந்து நேராக சான் பிரான்சிஸ்கோ போகிறோம். தூரம் 12,400 கி.மீ. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்றால் 14 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டாமா? 16 மணி நேரத்துக்கு மேல் காட்டுகிறதே? கணவர் இன்சுலின் போடுபவர், அதனால்தான் கேட்கிறேன்."

வகுத்தது சரிதான், ஆனால் அந்த 12,400 விமானம் பறக்கும் தூரமே இல்லை. வீட்டில் குளோப் இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது திபெத் மேல் ஏறி, சைபீரியாவைத் தாண்டி, ஆர்க்டிக் கடலைத் தொட்டு, அலாஸ்கா பக்கமாக இறங்கும். அந்த நூலின் நீளம்தான் 12,400. விமானம் அப்படியே போக முடியாது. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் உடனே 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், திபெத்தில் தரையே அதைவிட உயரம். அதனால் சுற்றித்தான் போவார்கள். அரசியல் வேறு: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளியை மூடியதும் தில்லியிலிருந்து மேற்கே கிளம்பும் இந்திய விமானங்களுக்குச் சுற்று இன்னும் கூடியது.

ஆனாலும் என்னைக் கேட்டால், கிலோமீட்டரைவிடக் காற்றைத்தான் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே தடத்தில் மேற்கே போகும் அட்லாண்டிக் வழியை விட்டுவிட்டு கிழக்கே பசிபிக் வழியாகப் பறந்தது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ., புதியது 15,300. அதாவது 1,400 கி.மீ. அதிகம், ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டார்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்! உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, கிழக்கே போகிறவரை முதுகில் கைவைத்துத் தள்ளும், மேற்கே போகிறவர் அதை எதிர்த்து முண்ட வேண்டும். அந்த 15,300-ஐப் பதினான்கரையால் வகுத்துப் பாருங்கள், தரைக்கணக்கில் மணிக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் வரும். குளிர்காலத்தில் அந்தக் காற்று இன்னும் வலுக்கும். எந்த வழி என்பதை அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல, இங்கே வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை எல்லாம் சேர்த்தது.

சரி, இன்சுலின். ஜனவரியில் அங்கே நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். விடிகாலை 4 மணிக்குக் கிளம்பி 16 மணி நேரம் பறந்தாலும் அங்கே கடிகாரம் அதே நாள் காலை 6.30 தான் காட்டும், ஏதோ இரண்டரை மணி நேரத்தில் போன மாதிரி. இதை நம்பி ஊசி போட்டால் குழப்பம்தான். ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவைத்து, வழியில் எத்தனை வேளை, எவ்வளவு அளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள்; செக்-இன் பெட்டியில் போட்டால் கீழே குளிரில் உறைந்துபோகக்கூடும்.