கழலாத ஜெட் பம்ப்: செலவு யாருடையது?

கேள்வி: ஆக்லாந்தில் ஒரு படகு விற்பனையாளரிடமிருந்து, பத்து ஆண்டுகள் கடலில் ஓடிய ஜெட் படகு ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். "ஆண்டுதோறும் முறையாகப் பராமரிக்கப்பட்டது" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். சில வாரங்களாக என்ஜின் சீறுகிற அளவுக்குப் படகு முன்னேறுவதில்லை. வேறொரு பணிமனையில் விட்டேன். நீரைப் பின்னோக்கிப் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்பைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டார்களாம். ஆனாலும் பம்ப் அசையவில்லை என்கிறார்கள். இனி மணிக்கணக்கில் கூலி ஆகும் என்றும், பம்பின் உறை உடைந்தால் புதியதை நான்தான் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். படகை வீட்டுக்குக் கொண்டு வந்து நானே முயலலாமா? செலவை விற்றவரிடம் கேட்க முடியுமா?

பதில்: முதலில் பணிமனைக்குத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வரும்வரை பம்பின் மீது சுத்தியலோ நெம்புகோலோ படக்கூடாது என்று சொல்லுங்கள். இப்போது வேலையை நிறுத்துவதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. உறையில் விரிசல் விழுந்த பிறகு நிறுத்தினால், அது யாரால் விழுந்தது என்ற வழக்குதான் மிஞ்சும்.

பம்ப் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அவர்கள் கேட்கும் கூலி நியாயமானதா என்பதை நீங்களே எடைபோடலாம். உறை அலுமினியம், போல்ட்டுகளும் இடத்தைப் பொருத்தும் ஊசிகளும் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. இவ்விரு உலோகங்களும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியமே கரைகிறது. அதிலிருந்து உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், ஊசியைச் சுற்றி ஆப்பு வைத்தது போல இறுகிவிடுகிறது. பம்புக்கும் படகின் பின்பகுதிக்கும் இடையே காற்றுப் புகாமலிருக்கப் பூசப்படும் சீலன்ட் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும். என்ஜினின் சுழற்சியைப் பம்புக்குக் கொண்டுசெல்லும், பல ஆண்டுகள் கிரீஸ் காணாத சுழல்தண்டின் பற்கள் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். இவற்றில் எதுவும் ஒரே அடியில் விடக்கூடியது அன்று.

"நான்கு போல்ட்டுகளையும் எடுத்துவிட்டோம்" என்ற சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டாம். திசைதிருப்பும் கேபிள், நீர்ப்பாய்ச்சலைத் திருப்பிப் படகைப் பின்னோக்கிச் செலுத்தும் வாளி போன்ற மூடியின் கேபிள், குளிர்விக்கும் நீர்க்குழாய், படகின் அடியில் தேங்கும் நீரை உறிஞ்சும் குழாய் ஆகிய எல்லாவற்றையும் பிரித்தாயிற்றா, அடித்தகட்டில் மறைந்திருக்கும் திருகு ஏதேனும் விட்டுப்போயிற்றா என்று அந்தப் படகு மாதிரியின் பராமரிப்புக் கையேட்டை வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒட்டிக்கொண்டதாகச் சொல்லப்படும் பம்புகளில் சில, உண்மையில் ஒரு போல்ட்டினால் மட்டுமே தொங்கிக்கொண்டிருப்பவை. பம்பைக் கழற்றாமலே, நீர் உள்ளிழுக்கும் சல்லடை வழியாக விளக்கடித்துப் பார்த்தார்களா என்பதும் கேட்கத்தக்க கேள்வி. பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரில் சுற்றிய கயிறோ நெகிழித் தாளோ நீங்கள் சொல்லும் அறிகுறியையே காட்டும். அது இல்லையென்றால், இம்பெல்லருக்கும் அதைச் சூழ்ந்த வளையத்துக்கும் உள்ள இடைவெளி தேய்மானத்தால் கூடியிருக்கலாம். மில்லிமீட்டரின் சிறு பகுதியளவே இருக்க வேண்டிய அந்த இடைவெளி சற்று அகன்றாலும் உந்துவிசை குறைந்துவிடும். அப்போது பம்பைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கழற்றும் முறையில் பொறுமைதான் பெரிய கருவி. ஊசிகளிலும் இணைப்புகளிலும் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிட வேண்டும். மறுநாள் மீண்டும் விட வேண்டும். சீலன்ட்டை மெல்லிய கத்தியாலோ கம்பியாலோ சுற்றிலும் அறுக்க வேண்டும். பிறகு ரப்பர் சுத்தியலால் இடமும் வலமும் மாற்றி மாற்றித் தட்டி, மயிரிழை இடைவெளி தெரிந்ததும் மர ஆப்புகளை இரு புறமும் சமமாகச் செருகி, பம்பை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். சூடாக்கினால் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரிவடைந்து பிடி தளரும் என்பது உண்மையே. ஆனால் திறந்த சுடர் கூடாது: படகின் அடியறையில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், கண்ணாடியிழை உடல் வெப்பத்தில் கெட்டுப்போகும், அலுமினியமோ சிவந்து எச்சரிக்காமலே 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆவி வெளியேறும்படி அடியறையைத் திறந்து வைத்த பிறகு, சூடான காற்றை ஊதும் கருவியால் ஊசியைச் சுற்றி மட்டும் சூடேற்றினால் போதும். பின்சுவரில் முட்டுக்கொடுத்துக் கடப்பாரையால் நெம்புவதும், பம்பில் கயிறு கட்டிக் காரால் இழுப்பதும் படகுக்கே கேடு. இரண்டாவதை நம்மவர்கள் இரண்டு பேர் செய்து பார்த்ததாக எனக்கு எழுதியிருக்கிறார்கள். இருவரும் பம்போடு பின்சுவரையும் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

இதை நீங்களே செய்யலாமா என்றால், எண்ணெய் விடுவது, சீலன்ட் அறுப்பது, மெல்லத் தட்டுவது வரை செய்யலாம். படகு டிரெய்லரில் சக்கரம் நகராதபடி நிற்க வேண்டும். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆனால் நியூசிலாந்துச் சட்டப்படி விற்றவரிடம் நிவாரணம் கேட்கும் எண்ணம் இருந்தால், இப்போதைக்கு நீங்களும் தொடவேண்டாம், பணிமனையும் தொடவேண்டாம் என்பேன்.

காரணம் இது. 1993-ஆம் ஆண்டின் நுகர்வோர் உத்தரவாதச் சட்டம், வணிகரிடம் வாங்கிய பயன்படுத்திய பொருளுக்கும் பொருந்தும். தனியாள் ஒருவர் தன் சொந்தப் படகை விற்றிருந்தால் பொருந்தாது. பொருளின் வயதையும் விலையையும் கருத்தில் கொண்டு தரம் ஏற்கத்தக்கதா என்று அச்சட்டம் பார்க்கும். பத்து ஆண்டுகள் கடலில் ஓடிய படகில் இம்பெல்லர் தேய்ந்திருப்பதை மட்டும் குறையாகக் காட்டினால் எடுபடாது என்பது என் கணிப்பு. உங்கள் வலு வேறிடத்தில் இருக்கிறது. முறையான பராமரிப்பில் பம்ப் அவ்வப்போது கழற்றப்பட்டு, பற்களுக்குக் கிரீஸும் போல்ட்டுகளுக்கு ஒட்டுதடுப்புப் பசையும் இடப்பட்டிருக்கும். அப்படிச் செய்த பம்ப் ஓராண்டில் இவ்வாறு இறுகுவது அரிது. எனவே வெள்ளைப் பொடியையும் பசையே இல்லாத போல்ட்டுகளையும் தேதியோடு படம் எடுத்து, மெக்கானிக்கிடம் தாம் கண்டதை இரண்டு வரியில் எழுதித் தரக் கேளுங்கள். விளம்பரத்தின் படியைத் தேடி எடுத்துவையுங்கள். வணிகர்கள் தவறாக வழிநடத்தும் கூற்றுகளை வெளியிடுவதை 1986-ஆம் ஆண்டின் நேர்மையான வணிகச் சட்டம் தடைசெய்கிறது. ஆண்டுதோறும் செய்த பராமரிப்பின் ரசீதுகளைக் கேட்டு விற்றவருக்கு எழுதுங்கள். அவரால் காட்ட முடியாவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அந்தக் கடிதம் பழுதுபார்ப்புக்கு முன்பே போக வேண்டும் என்பது முக்கியம். குறையைச் சரிசெய்யும் வாய்ப்பை முதலில் விற்றவருக்கே தர வேண்டும். அவர் மறுத்தாலோ நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டாலோதான், வேறிடத்தில் செய்த செலவை அவரிடம் கோருவது எளிதாகும். முழு வேலையையும் முடித்துவிட்டுப் செலவுப் பட்டியலை விற்றவரிடம் நீட்டும் வாசகர்களே எனக்கு அதிகம் எழுதுகிறார்கள். பேச்சு முறிந்தால் சிறு வழக்குத் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக வைக்கவும் முடியாது.

பணிமனையிடமும் உங்களுக்கு உரிமை உண்டு. நுகர்வோர் உத்தரவாதச் சட்டப்படி சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். கூலி முன்கூட்டியே பேசப்படாவிட்டால், நியாயமான தொகைக்கு மேல் நீங்கள் தரவேண்டியதில்லை. கையேட்டின் முறைப்படி முயன்றும் அரித்துப்போன உறை உடைந்தால், அந்தச் செலவு பணிமனையுடையது அன்று. நெம்பி உடைத்தால் அது அவர்களுடையது. ஆகவே எத்தனை மணி நேரம் முயல்வார்கள், என்ன முறையில், எந்தக் கட்டத்தில் நிறுத்தி உங்களைக் கேட்பார்கள், உறைக்கும் இம்பெல்லருக்கும் என்ன விலை என்பவற்றை வேலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "உடைந்தால் உங்கள் பொறுப்பு" என்ற ஒற்றை வரிக்குக் கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: மீண்டும் பூட்டும்போது செம்புத்தூள் கலந்த பசை பூசினால் அடுத்தமுறை எளிதாகக் கழலும் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: கடல்நீரில் அலுமினியத்தோடு செம்பு சேர்ந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும், நண்பரின் யோசனை எஃகு என்ஜின்களுக்கு உரியது. படகுக்கென்று விற்கப்படும், செம்பு கலக்காத ஒட்டுதடுப்புப் பசையைக் கேட்டு வாங்குங்கள். ரப்பர் வளையங்களைப் புதிதாக மாற்றி, கையேடு சொல்லும் சீலன்ட்டை மட்டும் பூசச் சொல்லுங்கள். வலுவான பாலியூரித்தேன் பசை பூசிவிட்டால், அடுத்தமுறையும் இதே கேள்வியை எனக்கு எழுத வேண்டியிருக்கும்.