கருத்தடை செய்ய முடியாத முயலுக்குத் துணை சேர்ப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பெண் முயல் மல்லிக்கு மூன்று வயது. ஸ்கேனில் இதயம் பெரிதாகியிருப்பது தெரிந்ததால், மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, கருத்தடை அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தனியாக இருக்கிறாளே என்று ஏழு மாத ஆண் முயல் ஒன்றை வாங்கி வந்திருக்கிறோம். கருப்பன் என்று பெயர். இரண்டையும் ஒன்றாக விடலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: இப்போது விடாதீர்கள், ஒரு நிமிடம்கூட. முயல்கள் இணைசேரச் சில விநாடிகள் போதும். மாட்டுக்கும் நாய்க்கும் இருப்பதுபோல் முயலுக்குக் குறிப்பிட்ட பருவநாள் கிடையாது. இணைசேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும், அதுவும் சுமார் 10 மணி நேரத்தில். அப்புறம் ஏறக்குறைய 31 நாளில் குட்டிகள். மயக்க மருந்தைத் தாங்காத இதயம் சினையையும் பிரசவத்தையும் சுமக்கும்படி ஆகிவிடக் கூடாது.

உங்கள் மருத்துவர் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஆரோக்கியமான முயல்களில் இறந்தவை 0.73 சதவீதம், ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 7.37 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். ஆகவே கத்தி மல்லியிடம் போக வேண்டாம். கருப்பனுக்குச் செய்துவிடுங்கள்.

அதற்கு முன் கருப்பன் ஆண்தானா என்று மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கடையில் ‘ஆண்’ என்று கொடுத்தது பெண்ணாக இருப்பது அடிக்கடி நடக்கிறது. விரைகள் 10–12 வாரத்தில் இறங்கிவிடும், ஏழு மாதத்தில் தெளிவாகவே தெரியும். விரை நீக்கும் அறுவை, கருப்பையை எடுப்பதைவிடச் சிறியது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நாய்க்குச் சொல்வதுபோல ‘முந்தைய இரவே சாப்பாட்டை நிறுத்துங்கள்’ என்று யாராவது சொன்னால், முயலுக்கும் அப்படித்தானா என்று திரும்பக் கேளுங்கள். முயலால் வாந்தியெடுக்க முடியாது. பட்டினி போட்டால் குடல் இயக்கம்தான் நின்றுபோகும்.

அறுவை முடிந்த பிறகும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். உள்ளே மிஞ்சியிருக்கும் விந்தணுவால் அதுவரை சினைப்படுத்த முடியும். இந்த ஆறு வாரத்தை நீங்கள் வீணாக்க வேண்டியதில்லை. இரண்டு கூண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், நடுவில் மூன்று விரல் இடைவெளி விட்டு. ஒட்டி வைத்தால் வலை வழியாகவே மூக்கைக் கடித்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை இவள் படுத்த சாக்கை அவனுக்கும், அவன் சாக்கை இவளுக்கும் மாற்றுங்கள். புல்லையும் கீரையையும் வலையோரமாகவே வையுங்கள். இரண்டும் வலையோரம் காலை நீட்டி நிம்மதியாகப் படுக்கத் தொடங்கினால் நல்ல அறிகுறி.

நேருக்கு நேர் சந்திப்பை மல்லி இதுவரை கால் வைக்காத இடத்தில் வையுங்கள். தன் இடம் என்று நினைக்கும் அறைக்குள் அவனை விட்டால் விரட்டுவாள். முதல் நாள் பத்து நிமிடம் போதும்; சண்டை வரும்வரை காத்திருக்காமல், அமைதியாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது இயல்பு, கொஞ்சம் பொறுக்கலாம். தலைப்பக்கமாக ஏறினால் உடனே இறக்கிவிடுங்கள், கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும். காதைப் பின்னால் மடித்து, வாலைத் தூக்கி, இரண்டும் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால் அது சண்டைக்கான தொடக்கம். நடுவில் கையை நுழைக்காதீர்கள், கனமான அட்டையை இறக்குங்கள்.

காரில் ஏற்றிச் சுற்றினால் பயத்தில் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு இது எந்த முயலுக்குமே பிடிக்காத வழி. இதய நோயாளிக்குக் கூடவே கூடாது. சந்திப்பின்போது மல்லி வாயைத் திறந்து மூச்சுவிட்டால், அல்லது அதன்பின் 10–12 மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பலரும் எதிர்பார்க்காத சிக்கல் இதற்குப் பிறகுதான் வரும். இரண்டும் பழகிவிட்டாலும் மல்லியின் சினைப்பை வேலைசெய்துகொண்டுதான் இருக்கும். சில நாள் உறுமுவாள், பாய்வாள், அவன்மேல் ஏறுவாள். விரை நீக்கிய ஆண் மேலே ஏறினால்கூடக் கருமுட்டை வெளிவந்து பொய்ச்சினை உண்டாகலாம், அதாவது குட்டி இல்லாமலே உடல் சினையானதுபோல் நடந்துகொள்ளும். 16–18 நாள் இருக்கும். வாயில் வைக்கோல் கவ்விக்கொண்டு ஓடுவாள், வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு கட்டுவாள். கூட்டைக் கலைக்காதீர்கள். கருப்பனைத் திரும்ப வலைக்கு அந்தப்பக்கம் மாற்றிவிட்டு, காலண்டரில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அவளே கூட்டை மறந்த பிறகு மறுபடி சேர்க்கலாம். பழக்கம் கெட்டுவிட்டதே என்று மனம் உடைய வேண்டாம்; இவர்கள் வாழ்க்கையில் இது அவ்வப்போது வந்துபோகும்.

சினைப்பையின் வேலையை அடக்க, தோலுக்கடியில் வைக்கும் டெஸ்லோரெலின் என்ற ஹார்மோன் மருந்தைச் சில மருத்துவர்கள் பெண் முயலுக்குப் பயன்படுத்துகிறார்கள். மல்லியின் இதயத்தைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் கருப்பையை எடுத்ததற்கு அது ஈடாகாது. கருப்பை உள்ள முயல்களுக்கு மூன்று, நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுங்கள், மார்பில் கட்டி தட்டுப்படுகிறதா என்று வாராவாரம் தடவிப் பாருங்கள். சிறுநீர் சிவப்பாக இருந்தால் உணவின் நிறமாகவும் இருக்கலாம், ரத்தமாகவும் இருக்கலாம், பரிசோதனையில்தான் தெரியும்.

எவ்வளவு முயன்றும் ஒத்துப்போகவில்லையென்றால்? வலைக்கு இருபுறமும் இருக்கட்டும். ஒன்றின் வாசனையும் அசைவும் மற்றதற்குக் கிடைத்தால் அதுவும் துணைதான். தனிமைக்கு அது எவ்வளவோ மேல்.

முதல் வேலையாகக் கருப்பனின் அறுவைக்கு நாள் குறியுங்கள். அதிலிருந்து ஆறு வாரம் எண்ணிப் பாருங்கள். முயலுக்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் திணறிவிடும். ஆறு வாரம் முடியும் நாள் ஏப்ரல், மே மாதத்தில் விழுந்து, வீட்டில் ஏசி அறையும் இல்லையென்றால், ஐப்பசி மழை பிடிக்கும்வரை வலையை எடுக்க வேண்டாம்.