ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கமும் சுடுகிறதே, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

புது ஃப்ரிட்ஜ் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறதாம், பக்கவாட்டில் கை வைத்தால் சுடுகிறதாம், பழைய ஃப்ரிட்ஜில் இப்படி இல்லையாம். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்கிறார் ஒரு வாசகர்.

உள்ளே நன்றாகக் குளிர்கிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள், அந்தச் சூடு இருந்தே ஆக வேண்டும். பழைய ஃப்ரிட்ஜிலும் இருந்தது. பின்னால் ஒட்டடை பிடித்துக் கருப்பாக ஒரு கம்பி வலை இருந்திருக்குமே, சூடெல்லாம் அங்கேதான். சுவர்ப் பக்கம் என்பதால் யாரும் தொட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது அந்த வலையில் வளைந்து ஓடிய அதே குழாயைப் பக்கத்துத் தகட்டுக்கு உள்ளே ஒட்டி மறைத்துவிடுகிறார்கள்.

மண்பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது இல்லையா, ஃப்ரிட்ஜிலும் அதே வேலைதான். தண்ணீருக்குப் பதிலாக, இப்போது வரும் பெரும்பாலான வீட்டு ஃப்ரிட்ஜ்களில் ஐசோபியூட்டேன். மெக்கானிக்குகள் ஆர்600ஏ என்பார்கள், சமையல் காஸுக்கு நெருங்கிய சொந்தம். சாதாரணக் காற்றழுத்தத்திலேயே அது மைனஸ் 12 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், அழுத்தத்தை இன்னும் குறைத்தால் மைனஸ் 20க்கும் கீழே. அப்படிக் கொதிக்கத் தேவையான வெப்பத்தை உங்கள் பால், தோசை மாவு, நேற்றைய குழம்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

பானையில் போன ஆவி போனதுதான். இங்கே அதைப் பிடித்து மறுபடி திரவமாக்க வேண்டும், அதற்கு அது சுமந்து வந்த வெப்பத்தை எங்காவது இறக்கி வைக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் வெப்பம் தானாகப் போவது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு மட்டும்தான். மே மாதத்தில் சமையலறை 36 டிகிரி இருந்தால், வாயு அதைவிடச் சூடாக இருந்தால்தானே வெப்பம் வெளியே போகும்? அதனால்தான் கம்ப்ரசர் அதை நெருக்குகிறது. காற்றழுத்தத்தைப் போல 6 மடங்கு நெருக்கினால் 45 டிகிரியிலேயே அது திரவமாகிவிடும். உங்கள் கையில் படுவது அந்தச் சூடுதான். அப்புறம் மெல்லிய கேப்பிலரி குழாய் வழியாக அழுத்தம் குறைந்து, திரும்பவும் உள்ளே போய்க் கொதிக்கும்.

கம்ப்ரசர் தின்னும் மின்சாரமும் இதோடு சேர்ந்து வெப்பமாகத்தான் வெளியே வரும். உள்ளேயிருந்து 150 வாட் எடுக்க 80 வாட் செலவானால் அறைக்குள் 230 வாட் இறங்கும். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து அறையைக் குளிர்விக்கப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: பக்கங்களில் நாலு விரல் இடமாவது விடுங்கள், மேலே துணி கிணி போட்டுப் பக்கங்களை மூடாதீர்கள், தகட்டில் ஆணியோ ஸ்க்ரூவோ வேண்டவே வேண்டாம், குழாய் ஓட்டையானால் வாயு போய்விடும், போதாததற்கு அது தீப்பிடிக்கும் வாயு. கதவு ஓரமும் லேசாகச் சுடலாம், அங்கே வியர்க்காமல் இருப்பதற்காகவே அந்தக் குழாயைச் சுற்றி விட்டிருப்பார்கள்.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே குளிரவில்லை, பக்கமும் சுடவில்லை என்றால்தான் கடைக்காரருக்குப் போன் போடுங்கள். பெரும்பாலும் வாயு கசிந்திருக்கும்.